முளைத்தது எத்தனை விதை?

ஜெர்மனியின் ‘யூகெண்ட் ஃபோர்ஷ்ட்’ அறிவியல் போட்டி, 1965இல் ‘ஷ்டெர்ன்’ வார இதழின் ஆசிரியர் ஹென்றி நானென் விடுத்த அழைப்பில் பிறந்தது. 21 வயது வரையுள்ளவர்கள் ஏழு துறைகளில் பங்கேற்கலாம். நவம்பர் 30க்குள் பதிவு. ஜனவரியில் அறிக்கை, அதுவும் 15 பக்கத்துக்கு மிகாமல். பிள்ளைகளின் உழைப்பெல்லாம் அந்தப் பக்கங்களில் கரைந்துபோக, ஆய்வுச்சுருக்கம் கடைசி நேர வேலையாகிவிடுகிறது. முன்பின் அறியாத ஒருவர் முதலில் படிப்பதோ அதைத்தான். கண்டறிந்த முடிவை அதில் சொல்லாமல் விடுவதுபோல் பெரிய குறை வேறில்லை.

குளிர்காலத்தில் தெருவில் தூவும் உப்பு செடிகளை என்ன செய்கிறது என்று ஒரு மாணவி பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘உப்பின் தாக்கத்தை விரிவாக ஆராய்ந்தேன், சுவையான முடிவுகள் கிடைத்தன’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ‘வெறும் தண்ணீரில் 50 கீரை விதைகளில் 46 முளைத்தன, லிட்டருக்கு 10 கிராம் உப்பு கலந்த தண்ணீரில் 6 மட்டுமே’ என்றால் கேள்வி, செய்முறை, விடை மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் பன்னாட்டுக் கண்காட்சி சுருக்கத்துக்கு 250 சொற்களே தருகிறது. அவ்வளவு சிறிய இடத்தில் உப்பைப் பற்றிய பொது அறிவுக்கும் உலக வெப்பமயமாதலுக்கும் நான்கு வரி ஒதுக்குவது வீண். முடிவை முன்பே சொல்லிவிட்டால் காட்சிமேசைக்கு யார் வருவார்கள் என்று சிலர் கேட்கலாம். அறிவியல் துப்பறியும் கதையல்லவே! எண்ணைப் பார்த்தவருக்குத்தான் ‘ஏன் 6? எந்த உப்பு? எத்தனை முறை செய்தாய்?’ என்று கேட்கத் தோன்றும். நவம்பரில் பதிவின்போதே சுருக்கம் எழுதினால் முடிவே கையில் இருக்காதே என்பது நியாயமான மறுப்பு. அப்போது கேள்வியையும் செய்யப்போகும் முறையையும் மட்டும் எழுதலாம். அறிக்கை முடிந்தபின் சுருக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும், பழையதை ஒட்டுப்போடக் கூடாது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் அதையும் எண்ணோடு எழுதலாம்.

ஜெர்மன் சரளமாக வராத, அறிவியல் படிக்காத தமிழ்ப் பெற்றோர் இதில் என்ன செய்ய முடியும்? நிறையவே. ‘கடைசியில் என்னம்மா தெரிஞ்சுது?’ என்று அவர்கள் கேட்க, பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் இரண்டு வாக்கியத்தில் விடை சொல்லட்டும். தடுமாறினால் குறை தமிழில் இருக்கலாம். ஆய்வின் மையம் அவளுக்கே இன்னும் பிடிபடாமலும் இருக்கலாம். எதுவென்று அறிய, அதையே ஜெர்மனிலும் சொல்லச் சொல்லுங்கள். அங்கேயும் தடுமாறினால், எழுத உட்காருமுன் குறிப்பேட்டைத் திறந்து விதைகளை மறுபடி எண்ணவேண்டியிருக்கும்.