எந்தக் குழு நம் குழு?

வார இறுதி கழிந்த திங்கட்கிழமை காலையில் தேக்காவைச் சுற்றியுள்ள காப்பிக்கடைகளில் அமர்ந்து செவிமடுப்போர்க்கு ஓர் ஐயம் தோன்றாமற் போகாது. நாம் சிங்கப்பூரில் வாழ்கிறோமா, லிவர்பூலிலோ மான்செஸ்டரிலோ வாழ்கிறோமா என்பதே அவ்வையம். "நம் குழு இந்தப் பருவத்தில் தேறாது, தற்காப்பு ஓட்டையாக இருக்கிறது" என்பார் ஒருவர். "பயிற்றுவிப்பாளரை மாற்றினால் நமக்குக் கிண்ணம் உறுதி" என்பார் மற்றொருவர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் குழுக்களுக்கும் இங்கே அன்பர்கள் உண்டு. செல்டிக் வெல்லுமா ரேஞ்சர்ஸ் வெல்லுமா என்று காரசாரமாக வாதிடும் தமிழரைச் சிராங்கூன் சாலையிலேயே காணலாம்.

தமிழாசிரியர்களும் தமிழ் மாணவர்களும் படிக்கும் தொகுப்பு இது. ஆதலால் இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். "நாங்கள்" என்பதற்கும் "நாம்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கிறோம். கேட்பவரையும் உள்ளடக்கிக்கொள்வது "நாம்". அவரைப் புறத்தே நிறுத்துவது "நாங்கள்". பல மொழிகளில் இல்லாத இந்நுட்பம் தமிழில் உண்டு என்று பெருமையும் கொள்கிறோம். அவ்வாறாயின் வினவுகிறேன்: பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஆடும் ஒரு குழுவை "நம் குழு" என்று சொல்லும்போது, அந்தக் குழு தன் "நாம்" என்னும் சொல்லில் நம்மைச் சேர்த்திருக்கிறதா? நாம் அரங்கிற்கு வராவிடின் அதன் இருக்கை ஒன்றும் வெறுமையாவதில்லை. நாம் கத்தினால் அதன் ஆட்டக்காரர்க்குக் கேட்பதில்லை. சட்டை விற்கும்போதும் தொலைக்காட்சிச் சந்தா வாங்கும்போதும் மட்டுமே நாம் அதன் கணக்கில் வருகிறோம். ஒருபக்கத்து உறவுக்கு "நாம்" என்று பெயரிடுவது இலக்கணப் பிழை என்றே கூறுவேன்.

இனி நம் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் இருக்கிறது. 1929-இல் திறக்கப்பட்டது, 2003-இல் புதுப்பிக்கப்பட்டது. 1973-இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் எழும் வரையில் சிங்கப்பூர்க் காற்பந்தின் தலைவாசல் அதுவே. அதற்கும் இப்பால், நம் கடைத்தெருவை ஒட்டியே, ஃபேரர் பார்க் திடல். ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1933-இல் புக்கித் தீமாவுக்குச் செல்லும் வரையில் குதிரைப் பந்தயம் அங்கேதான் நடந்தது. குதிரைகள் போனபின் அந்நிலத்தில் சிறுவர்கள் பந்தை உதைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக உதைத்தார்கள். அவ்விடத்தில் ஏறத்தாழ 1,600 வீடமைப்புக் கழக வீடுகள் எழும் என்று 2021-இல் அறிவிப்பு வந்தது. வீடு வேண்டாம் என்பார் எவருமில்லை. ஆயினும் அச்செய்தியைப் படித்து வருந்திய தமிழ் இரசிகர்களைக் காட்டிலும், அயலகத்துக் குழு ஒன்று தன் பழைய அரங்கை விட்டு நீங்கியபோது வருந்தியோர் மிகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழர்க்கு இவ்விளையாட்டில் இடமில்லாமலா போயிற்று? 1977-ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என்னும் கணக்கில் கூடுதல் நேரத்தில் வென்று, 12 ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தைக் கொணர்ந்ததே, அக்குழுவின் தலைவர் சமது அல்லாபிச்சை. அந்தத் தலைமுறையின் பக்கவாட்டு ஆட்டக்காரர் எஸ். ராஜகோபால் உதைத்த பந்து வாழைப்பழம்போல் வளைந்து செல்லும் என்பதை முதியோர் இன்றும் கையை வளைத்துக் காட்டுவர். பின்னர் வி. சுந்தரமூர்த்தி வந்தார், 1980-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் குழுவுக்கு ஆடச் சென்றார். 1998-இல் ஹனோயில் வியட்நாமை 1-0 என வென்று தென்கிழக்காசிய வாகையைச் சிங்கப்பூர் முதன்முதலாகச் சூடியபோது அந்த ஒரே கோல் ஆர். சசிகுமாருடையது. தோளில் பட்டுச் சென்ற பந்து என்று அதனை எள்ளி நகையாடுவோரும் உளர். தோளாயினும் அது நம்மவர் தோள்! இப்பெயர்களை நம் மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் அறிவர்? இங்கிலாந்துக் குழுவொன்றின் மாற்றாட்டக்காரர் வரிசையை ஒப்பிக்கும் பிள்ளைக்குச் சசிகுமார் யார் என்று தெரியாது. குற்றம் பிள்ளையினுடையது அன்று.

"தரமில்லையே ஐயா" என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுமொழி. உள்ளூர் லீக்கில் வேகமில்லை, திறமில்லை, பார்க்க ஒன்றுமில்லை என்பர். இந்த மறுமொழியை வேறெங்கோ கேட்டதுபோல் இல்லையா? சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் நூல் வெளியிட்டால், "தமிழகத்தில் பெரிய பெரிய எழுத்தாளர்கள் இருக்க இதனை ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்கிறவரும் இவரே. இரண்டிடத்தும் வாதம் ஒன்றே. படிப்பார் இன்றி எழுத்து வளராது என்று மேடைதோறும் முழங்கும் நாம், பார்ப்பார் இன்றி ஆட்டம் மட்டும் தானே வளர்ந்து நம் முன் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம்? நூல் வெளியீட்டில் வெற்று நாற்காலிகளைக் கண்டு மனம் புழுங்கிய எழுத்தாளரே கூட, ஜாலான் புசாரின் வெற்று இருக்கைகளைக் கண்டு, "இதற்கெல்லாம் யார் போவார்கள்?" என்று கேட்கக் காண்கிறோம்.

தரம் என்னும் வாதத்திற்கு விடை ஸ்காட்லாந்திலேயே இருக்கிறது. கிளாஸ்கோக் குழுக்களைக் கொண்டாடுவோர் அதனையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம். அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். நம் தீவினதோ 60 இலட்சத்தைச் சற்றே கடந்தது. உலகிலேயே செல்வம் மிக்க லீக், எல்லைக்கு அப்பால், இரயிலில் சென்று திரும்பும் தொலைவில், இங்கிலாந்தில் ஆடப்படுகிறது. தரமே அளவுகோலாயின் ஸ்காட்லாந்துக்காரர் அனைவரும் தங்கள் ஊர்க் குழுக்களைக் கைவிட்டு லிவர்பூலுக்குக் கொடி பிடித்திருக்க வேண்டும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. குளிரிலும் மழையிலும் டண்டீக்கும் அபர்டீனுக்கும் சென்று, தோற்கும் என்று தெரிந்த ஆட்டத்தையும் கண்டு, திட்டிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். மக்கள்தொகைக்கேற்ப அரங்கிற்குச் செல்வோரைக் கணக்கிட்டால் ஐரோப்பாவில் முன்னணியில் நிற்பது அந்நாடு. எடின்பரோவின் ஹார்ட்ஸ் மன்றம் 2013-இல் கடனில் மூழ்கித் திவாலாகும் நிலைக்கு வந்தபோது அதனைக் காத்தவர்கள் இரசிகர்களே. ஏறத்தாழ 8,000 பேர் மாதந்தோறும் பணம் கட்டினர். 2021-இல் மன்றத்தின் பெரும்பங்கு அவர்கள் கைக்கு வந்தது. அவர்கள் "நம் குழு" என்று சொன்னால் அதில் பொருள் இருக்கிறது.

1967-இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற செல்டிக் குழுவின் பதினொருவரும் தங்கள் அரங்கிலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். சிங்கப்பூரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ அதே தொலைவுதான்.

நம் லீக்கின் குறைகளை மறைக்க நான் வரவில்லை. 1994-இல் பாகாங்கை 4-0 என வீழ்த்தி லீக்கையும் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற கையோடு, வருவாய்த் தகராறும் சூதாட்ட ஊழலின் நிழலும் சூழ, சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளை விட்டு விலகிற்று. 1996-இல் எஸ்-லீக் பிறந்தது; 2018-இல் பிரிமியர் லீக் எனப் பெயர் மாறிற்று. பெயரை மாற்றினால் கூட்டம் வரும் என்று எவர் கணக்கிட்டாரோ! 2010-க்குள் உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெறுவோம் என்று 1998-இல் முழக்கமிட்டனர். அந்த ஆண்டு வந்தது, போயிற்று. ஒன்பது முறை வாகை சூடிய வாரியர்ஸ் மன்றம் பணமுடையால் 2020 முதல் லீக்கில் ஆடாமல் நின்றுவிட்டது. 2004-இல் சேர்ந்த ஜப்பானிய மன்றத்தின் கிளைக்குழு, 2016 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றபோது, உள்ளூர்க் குழுக்கள் கைகட்டி நின்றன. வெளிநாட்டு ஆட்டக்காரர் தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும், இளையோர்க்கு வயது வரம்பு விதிப்பதும் நீக்குவதுமாக நிருவாகிகள் ஆண்டுக்கொரு மருந்து மாற்றினார்கள். நோயாளி பிழைத்திருப்பதே வியப்பு.

ஆயினும் பிழைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 மே மாதத்தில் லயன் சிட்டி செய்லர்ஸ் குழு ஆசிய அளவிலான இரண்டாம் நிலைப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஆடிற்று. பீஷான் அரங்கில் ஷார்ஜாவிடம் 1-2 என்றுதான் தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் 140 கோடி மக்களின் இந்தியாவை அதன் மண்ணில், கோவாவில், 2-1 என வென்றோம்; இரு கோலையும் போட்ட சோங் உய் யோங், கொரியாவில் பிறந்து இளமையிலேயே இங்கு வந்து நம் லீக்கில் வளர்ந்து, 2021-இல் குடியுரிமை பெற்றவர். நவம்பர் 18-இல் ஹாங்காங்கில் முதற்பாதியில் பின்தங்கிப் பின் 2-1 என வென்று, 2027 ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றோம். 1984-இல் போட்டியை நடத்திய நாடு என்னும் முறையில் இடம் பெற்றோமேயன்றி, ஆடி வென்று பெறுவது இதுவே முதன்முறை. குழுவை நடத்திய கேவின் லீ முன்னர்த் தெம்பனிஸ் ரோவர்சின் பயிற்றுவிப்பாளர். இப்போது நகைப்புக்கு உள்ளாகும் அந்த லீக்கின் மாணவர். அதே நாளில் கிளாஸ்கோவில் டென்மார்க்கை 4-2 என வென்று ஸ்காட்லாந்து 1998-க்குப் பின் முதன்முறையாக உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. அங்கே ஊரே விழித்திருந்தது. இங்கே மறுநாள் காலையில் தேக்காவில் எந்தச் செய்தி பெரிதாகப் பேசப்பட்டது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. நீங்களே அங்கு இருந்திருப்பீர்கள்.

பெற்றோரையும் ஒரு சொல் கேட்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஐரோப்பிய ஆட்டம் பார்க்கும் தந்தை, தன் மகன் மாலையில் பந்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால், "காற்பந்து சோறு போடுமா? துணைப்பாட வகுப்புக்குப் போ" என்கிறார். பிறர் வீட்டுப் பிள்ளைகள் ஆட வேண்டும். நாம் பார்க்க வேண்டும். சமதும் ராஜகோபாலும் சுந்தரமூர்த்தியும் எந்த வீடுகளிலிருந்து வந்தார்களோ, அத்தகைய வீடுகளின் கதவு இப்போது மாலை நேரத்தில் அடைத்துக் கிடக்கிறது. பின்னர், "தேசியக் குழுவில் தமிழரைக் காணோமே" என்று அதே தந்தை அங்கலாய்ப்பார்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் "நான் கண்ட காற்பந்துப் போட்டி" என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். மாணவர் பார்த்தே இராத போட்டியைப் பற்றி, "வானம் தெளிவாக இருந்தது, மக்கள் கடலெனத் திரண்டிருந்தனர்" என்று எழுதித் தருகிறார். நாமும் மதிப்பெண் இடுகிறோம். ஒருமுறை வகுப்பையே ஜாலான் புசாருக்கு அழைத்துச் செல்லுங்கள். மக்கள் கடல் அங்கே இராது. ஆனால் பயிற்றுவிப்பாளர் ஆட்டக்காரரைக் கடிந்துகொள்வது தெளிவாகக் கேட்கும். தோற்ற குழுவின் கோல்காவலர் முகத்தை அருகிலிருந்து பார்க்கலாம். உண்மையைப் பார்த்து எழுதிய இருபது வரி தமிழுக்கு ஆக்கம் தரும். நுழைவுச்சீட்டின் விலை தடுக்கிறது என்று எவரும் சொல்லத் துணியார்.

என் குழு எது என்று கேட்பீர்கள். பாலஸ்டியர் கல்சா. சிராங்கூன் சாலையை அடுத்த சாலையின் பெயர் தாங்கியது. 1898-இல் ஃபாத்துல் காரிப் என்னும் பெயரில் மலாய்க்காரர் தொடங்கிய மன்றம், பின்னாளில் சீக்கியச் சமூகத்தின் கிளமெண்டி கல்சாவோடு இணைந்தது. மலாயும் பஞ்சாபியும் கலந்த பெயர் வரலாறு வேறெந்த ஊரில் வாய்க்கும்? 2014-இல் சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது; லீக் பட்டத்தை 2025 வரையில் ஒருமுறையும் வென்றதில்லை. பெருஞ்செல்வர் ஆதரவு பெற்ற செய்லர்சையும், பயிற்சியில் தேர்ந்த தெம்பனிசையும் தாண்டிப் பட்டம் வாங்கும் என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள், நானும் சொல்லமாட்டேன். முன்வரிசை துணிந்து ஆடுகிறது, கோல்களும் போடுகிறது. போட்ட கோல்களுக்கு நிகராகத் தற்காப்பு வாங்கியும் வருகிறது. இந்தப் பருவத்தில் நடு அட்டவணையில் முடிந்தால் மகிழ்வேன். முதல் மூன்றுக்குள் வந்தால் காப்பிக்கடையில் அன்று யார் இருந்தாலும் தேத்தண்ணீர் என் செலவு.