மாப்பிள்ளைக்குக் காது சரியில்லை

சென்ற இதழில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தம் மனைவியின் பேச்சைப் பற்றி எழுதியிருந்தார். முதலில் நகைச்சுவைக் கட்டுரை என்று நினைத்து ஆசையாகப் படித்தேன். பாதியில்தான் மனிதர் நிஜமாகவே புகார் கொடுக்கிறார் என்று புரிந்தது. மனைவிக்குச் சொந்த ஊர் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு. சென்னையில் நல்ல உத்தியோகம், திருத்தமான பேச்சு. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது காரியாபட்டி வந்ததும் அந்தப் பேச்சு சரிந்துவிடுகிறதாம். அம்மாவோடு போனில் பேசினாலும் இதே கதியாம். இது வேஷம், மரியாதைக் குறைவு, பிள்ளைகளுக்கும் கெடுதல் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி அடுக்கியிருக்கிறார்.

எனக்கு அருப்புக்கோட்டை. நோட்டீஸுக்குப் பதில் போடுகிற உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

வேஷம் போடுகிறவருக்குப் பார்க்க ஆள் வேண்டும், போடுகிறோம் என்ற நினைப்பும் வேண்டும். கறிவேப்பிலையை உருவிக்கொண்டே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "ஏத்தா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்? அங்கிட்டு மழ உண்டா?" என்று கேட்கிற பெண்ணுக்கு இந்த இரண்டுமே கிடையாது. அடுப்படி வாசலில் நின்று ஒட்டுக் கேட்டவர் இவர் ஒருவர்தான். இவருக்காக அந்தப் பேச்சு பேசப்படவில்லை. சிக்கலே அதுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க் நகரத்துப் பேச்சை ஆராய்ந்து 1966-இல் புத்தகமாக்கினார். டேப் ரிக்கார்டரைக் கண்டதும் எல்லாரும் நாக்கைச் சீவிக்கொண்டு பேச ஆரம்பிப்பது அவருக்குப் பெரிய தலைவலி. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். 'இன்றோடு செத்தோம்' என்று நினைத்த நேரம் உங்களுக்கு உண்டா என்று கேட்பார். கதை சொல்லத் தொடங்குகிறவர் அந்த நேரத்துக்கே போய்விடுவார், மைக் மறந்துபோகும், வீட்டுப் பேச்சு தானாக வந்து நிற்கும். கவனம் கூடக்கூடத் திருத்தம், கவனம் நழுவினால் சொந்தப் பேச்சு. நம் கட்டுரையாளர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். வேஷம் என்று ஒன்றைச் சொல்லியே தீரவேண்டுமானால் அவர் மெச்சிக்கொள்ளும் அந்தத் திருத்தமான சென்னைப் பேச்சைத்தான் சொல்லவேண்டும். நான் அதையும் சொல்லமாட்டேன். அலுவலகத்தில் தினமும் பேசிப்பேசிப் படிந்த அந்தப் பேச்சும் அந்தப் பெண்ணுடையதுதான். வேட்டியும் பேண்ட்டும் வைத்திருக்கிறவரைப் போலி என்று யாரும் போலீசுக்குப் போவதில்லை.

அடுத்து மரியாதை. கொங்குத் தமிழில் தேன் சொட்டுகிறதாம், எங்கள் பேச்சில் அருவா தெரிகிறதாம். பொள்ளாச்சி அத்தையோடு பேசும்போது தமக்கும் 'ஏனுங்' தானாக வந்துவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மண்வாசனை. ஒரே காரியத்தை அவர் செய்தால் வாசனை, மனைவி செய்தால் சரிவு! இந்த ஞானம் எங்கே கிடைத்தது என்று ஊகிப்பது சிரமமில்லை. 1995-இல் வந்த 'சதிலீலாவதி'யில் கமல்ஹாசன் கொங்குத் தமிழ் பேசினார், தமிழ்நாடே சிரித்து ரசித்தது, நானும்தான். எங்கள் பக்கத்துப் பேச்சுக்குச் சினிமா பெரும்பாலும் கொடுத்த வேடம் வேறு. புழுதியைக் கிளப்பிக்கொண்டு நாலு சுமோ, இடைவேளைக்கு முன்னால் ஒரு வெட்டு. விருதுநகர்க்காரர் வசந்தபாலன் 2006-இல் 'வெயில்' எடுத்து ஊரை ஊராகக் காட்டினார். இவர் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. தியேட்டரில் வாங்கிய காதைக் கழற்றாமலே மாமியார் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

'அவுக சாப்ட்டாக' என்று மனைவி போனில் சொன்னதை ஏதோ வாய் குழறியது போல எழுதிக் கேலி செய்திருக்கிறார். சென்னையில் 'அவங்க சாப்பிட்டாங்க' என்பதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம். மரியாதையில் குன்றிமணி அளவும் குறையாது. அதைவிட, எங்கள் பக்கத்துப் பெண் பெயர் சொல்லாமல் 'அவுக' என்றால், அது யார் என்று எந்தத் தாயும் கேட்கமாட்டாள். அந்த அவுக சாட்சாத் இவரேதான். தனக்குக் கிடைத்த மரியாதையை மரியாதைக் குறைவு என்று பத்திரிகையில் புகார் கொடுத்தவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தப் பேச்சு பெரிய சபையில் எடுபடாது என்றும் ஒரு வரி. எந்தச் சபை? 1954 முதல் 1963 வரை முதலமைச்சராகக் கோட்டையில் இருந்த காமராசர் விருதுநகர்ப் பேச்சை ஒரு நாளும் கழுவிக் கவிழ்க்கவில்லை. 'ன்னேன்' என்று முடிக்கிற பழக்கத்தை மேடையிலும் விடவில்லை. எதிர்முகாமில் அடுக்குமொழி அருவியாகக் கொட்டிய காலம் அது. அந்தப் பேச்சோடுதான் டெல்லிக்குப் போனார், நேருவுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு விடை கண்டார். 1967-இல் விருதுநகரிலேயே தோற்றாரே என்று கட்டுரையாளர் மடக்கலாம். தோற்றார். அந்தத் தேர்தலில் காங்கிரசைக் கவிழ்த்தவை அரிசித் தட்டுப்பாடும் இந்தி விவகாரமும். உச்சரிப்பு அல்ல.

மல்லாங்கிணறு என்ற பெயரை 'வாயில் நுழையாத ஊர்' என்று வேறு எழுதியிருக்கிறார். சின்னப் பேரூராட்சிதான். அந்த ஊரில் பிறந்தவர்தான் எஸ். ராமகிருஷ்ணன். கரிசல் பூமியின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய 'சஞ்சாரம்' நாவலுக்காக 2018-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய உரைநடை பெரும்பாலும் பொதுத்தமிழ், அதனால் அவர் ஊரை இழந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அதே ஊர்க்காரர் தமிழச்சி தங்கபாண்டியன். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், 2019-இல் தென்சென்னையிலிருந்து மக்களவைக்குப் போனவர். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் தம் முதல் கவிதைத் தொகுப்புக்கு வைத்த பெயர் 'எஞ்சோட்டுப் பெண்'. கவிதைக்கு உட்கார்ந்ததும் நாக்கு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டது. கொஞ்சம் தெற்கே, இடைசெவலில், பள்ளிப்படிப்பை முடிக்காத கி. ராஜநாராயணன் இந்தக் கரிசல் பேச்சுக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்தார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது. பேச்சு எடுபடாத சபைகளின் லட்சணம் இது.

கட்டுரையாளர் தலையில் வைத்து ஆடுகிற 'பொதுத்தமிழ்' மட்டும் என்ன, வானத்திலிருந்து விழுந்ததா? அதுவும் படித்தவர் சிலர் வாயில் உருவாகி நாடகமும் வானொலியும் சினிமாவும் ஊர்ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த பேச்சுதான். அதற்கு வயது குறைவு, விளம்பரம் அதிகம்.

உண்மையான வருத்தம் கட்டுரையின் நடுவே ஒளிந்துகிடக்கிறது. ஊர் வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சிரிக்கும்போது தமக்கு மட்டும் ஒன்றும் புரிவதில்லை, பழகிய மனைவி யாரோ மாதிரித் தெரிகிறாள் என்கிறார். மனசிலிருந்து வந்த வரி இது ஒன்றுதான். இதற்கு எனக்கு இரக்கம்கூட வந்தது. ஆனால் எட்டுப் பொங்கலுக்குப் போய்வந்ததாகவும் எழுதியிருக்கிறார். எட்டுப் பொங்கலில் 'சேக்காளி' என்றால் சிநேகிதன் என்றாவது ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டு வருஷமும் கரும்பு மட்டும் தின்றுவிட்டு வந்திருக்கிறார்.

அவர் கண்ணில் படாத இன்னொரு சங்கதி உண்டு. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை வந்து நாற்காலியில் அமர்ந்ததும் வீட்டுப் பேச்சே மாறிவிடும். "ஏட்டி, எலையப் போடு, வெரசா வா" என்று உள்ளே அதட்டிக்கொண்டிருந்த மாமியார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்க மாப்ள" என்று வானொலி அறிவிப்பாளர் கணக்காகக் குழைவார். மச்சினன் 'அங்கிட்டு' என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு 'அந்தப் பக்கம்' என்பான். எதிரே இருப்பவருக்குத் தக்கபடி பேச்சு நகர்வதை வேல்ஸ்காரர் ஹோவர்ட் ஜைல்ஸ் 1970-களில் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். அந்த மாமியார் கோட்பாடு படிக்காமலே செய்கிறார். இவ்வளவும் இவருக்காக. அதையெல்லாம் தம் அந்தஸ்துக்கு வரவேண்டிய பாக்கி என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், ஒருமுறைகூட வேஷம் என்று தோன்றவில்லை. குடும்பமே இவர் பக்கம் நாக்கைத் திருப்பினால் உபசாரம். மனைவி ஒருத்தி நாலு நாளைக்குத் தன் தாய் பக்கம் திருப்பினால் துரோகம்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதற்கு நீளமாகப் பதில் வேண்டியதில்லை. பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று, கார்ட்டூனில் ஒன்று என்று மூன்று பேச்சைச் சமாளிக்கிற பிள்ளைகள் அவர்கள். அம்மாச்சி சொல்கிற கதையை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கவேண்டி வருவதை அவர் முன்னேற்றம் என்று எண்ணுகிறார் என்றால், அது அவர் இஷ்டம்.

கடைசியில் தீர்ப்பும் எழுதிவிட்டார். இனி வீட்டுக்குள் யாரோடு போன் பேசினாலும் பொதுத்தமிழ்தான் என்று 'முடிவெடுத்திருக்கிறோம்' என்கிறார். அந்தப் பன்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஒட்டுக்கேட்ட வாக்கியங்களைத் தவிர, மனைவி என்ன சொன்னார், என்ன நினைக்கிறார் என்று அவ்வளவு நீளக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஆசிரியர் அவர்கள் அந்தப் பெண்ணிடமும் ஒரு கட்டுரை கேட்டு வாங்கவேண்டும். கணவருக்குக் கொடுத்த அதே நான்கு பக்கத்தைக் கொடுங்கள், பிழை திருத்துபவரை அந்தப் பக்கங்களில் கை வைக்க விடாதீர்கள். எங்காவது புரியவில்லை என்றால் கணவர் கி.ரா.வின் அகராதியை விலைக்கு வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.