கல்யாணம் ஆயிடுச்சா?

ஸ்கேன் மையத்தின் முன்மேசையில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். 43 என்றேன். மூன்றாவதாக, "கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். பேனா ஒரு நொடி நின்றது. பிறகு சீட்டில் எதையோ எழுதிவிட்டு, "அப்ப ஒரு பாட்டில் தண்ணி முழுசா குடிச்சிட்டு உக்காருங்க. யூரின் முட்டினதும் சொல்லுங்க" என்றாள்.

ஏழு மாதமாக எனக்கு அதிக உதிரப்போக்கு. கருப்பையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் எழுதிக்கொடுத்தது உள்வழி ஸ்கேன். யோனி வழியாகக் கருவியைச் செலுத்திப் பார்ப்பது. அதை வயிற்றின்மேல் பார்க்கும் ஸ்கேனாக மாற்றியது மருத்துவர் அல்ல, நானும் அல்ல. 'இல்லை' என்ற என் ஒற்றைச் சொல். கருப்பையின் உட்சுவர் தெளிவாகத் தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. மறுபடியும் ஒரு நாள் விடுப்பு, மறுபடியும் கட்டணம்.

கல்லூரி ஓய்வறையில் இதைச் சொன்னபோது உடன் பணிபுரியும் தோழி சிரிக்கவில்லை. அவர் மணமானவர். அதே கேள்விக்கு 'ஆமாம்' என்றிருக்கிறார். படுக்கச் சொன்னார்கள், காலை மடக்கச் சொன்னார்கள், "லூசா விடுங்க" என்றார்கள். கருவி உள்ளே போகும்வரை, அது உள்ளே போகும் என்று யாரும் சொல்லவில்லை. "பல்லைக் கடிச்சிக்கிட்டு படுத்திருந்தேன்ப்பா. கல்யாணமானவதானே, இவளுக்கு என்னன்னு நெனச்சிருப்பாங்க" என்றார்.

நான் மணமாகாதவள்; என்னைக் கேட்காமல் மறுத்தார்கள். அவர் மணமானவர், அவரைக் கேட்காமல் செய்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பெண்ணுடலுக்குள் நுழைய அனுமதி தருவது தாலி என்று நம் ஊர் நம்புகிறது. அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதே இல்லை.

மருத்துவத்துக்கு ஒரு கேள்வி தேவை என்பதை ஏற்கிறேன். உடலுறவுப் பழக்கம் இல்லாத பெண்ணுக்கு இந்தக் கருவி வலி தரலாம். வேறு வழியில் பார்க்க நேரலாம். அப்படியானால் அந்தக் கேள்வியையே கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டு, கூட வந்த அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, பதில் இந்த அறையைத் தாண்டாது என்று உறுதி சொல்லிவிட்டுக் கேளுங்கள். மணமாகாமல் உறவில் இருக்கும் என் மாணவி, பின்னால் அம்மா நிற்க, 'கல்யாணம் ஆயிடுச்சா' என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? கன்னித்தன்மையைப் பரிசோதித்து அறிய அறிவியலில் வழியே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. நம் முன்மேசைகள் இன்னமும் அதைத்தான் காவல் காக்கின்றன.

சொல்வதற்கு நேரமில்லை, வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்பார்கள். நேரம் மட்டும் அல்ல, சொல்லும் இல்லை என்பேன். எனக்குச் சங்க இலக்கியம் நடத்தியவர்கள் அல்குல் வரும் இடத்தில் 'இடை' என்று சொல்லித் தாண்டினார்கள். 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது வசைகள் பொழிந்தன. இந்தச் சமூகத்தின் ஸ்கேன் அறையிலும் 'கீழ', 'அந்த எடம்', 'செஸ்ட்' தான். பெயர் சொல்லக் கூசுகிற உறுப்புக்கு என்ன நடக்கப்போகிறது என்று எப்படி விளக்குவார்கள்?

ஆகவே நான் சொல்கிறேன். முட்டக் குடிக்கும் தண்ணீர் வயிற்றின்மேல் பார்ப்பதற்கு. உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டே படுக்க வேண்டும். ஒல்லியான கோல் போன்ற கருவிக்கு உறை மாட்டி, ஜெல் தடவிச் செலுத்துவார்கள். புது உறையை உங்கள் கண்முன் மாட்டச் சொல்லலாம். கருவியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றும் கேட்கலாம். அழுத்தம் தெரியும், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். பாப் ஸ்மியருக்கு மாதவிடாய் இல்லாத நாளில் போங்கள். யோனியை விரித்துப் பிடிக்கும் கருவியை வைத்து, கருப்பை வாயிலிருந்து சிறு தூரிகையால் செல்களை எடுப்பார்கள். பிறகு லேசாக இரத்தம் கசியலாம். மேமோகிராமில் முலையை இரண்டு தட்டுகளுக்கிடையே வைத்துச் சில நொடிகள் அழுத்துவார்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்தால் வலி குறையும். பவுடர் பூசிப் போகாதீர்கள்; படத்தில் புள்ளிகளாகத் தெரியக்கூடும். தாலிச் சங்கிலியையும் கழற்றச் சொல்வார்கள். அதைச் சொல்ல வாய் வருபவர்களுக்கு, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல மட்டும் வாய் வராது.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. சமீரா கோலிக்கு 44 வயது, மணமாகாதவர். லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்திட்டு மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயதுவந்த, சுயநினைவு திரும்பக் காத்திருக்கக்கூடிய பெண்ணுக்காக அம்மா தரும் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், 2008இல். போதிய விவரம் சொல்லிப் பெற்றதே சம்மதம். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலைச் சிகிச்சைக்கு நீட்டக் கூடாது என்றும் சொன்னது.

ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் ஒரு பலகை தொங்குகிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் மாட்டவைத்த பலகை அது. பக்கத்தில் இன்னொன்றை மாட்ட என்ன தடை? உங்களுக்கு என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், யாரை உடன் வைத்துக்கொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும் 'வேண்டாம்' என்று சொல்லலாம். நான்கே வரிகள், தமிழில்.

இரண்டாம் முறை போனபோதும் அதே பெண், அதே கேள்வி. "அது எதுக்கும்மா?" என்று கேட்டேன். அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபார்ம்ல இருக்கு மேடம்" என்றாள்.