இறைக்காத தண்ணீருக்குக் கூலி

2019 ஜூன் மாதத்தை வண்ணாரப்பேட்டைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட மாட்டார்கள். விடியற்காலையிலேயே சந்துகளில் கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலோ, கொஞ்ச நேரத்தில் காலி. அடிபம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன.

ஏரியில் தண்ணீர் இல்லை, சரி. அப்படியானால் அந்த லாரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளிலிருந்து. ஒரு பகுதி வீராணத்திலிருந்து. இன்னொரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகளின் கிணறுகளிலிருந்து. பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்துக் கிணறுகளை மெட்ரோ வாட்டர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் வாங்கியது. இது 2019-ல் தொடங்கிய பழக்கமும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோதே விவசாயிகளிடம் தண்ணீர் வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆக, பஞ்ச காலத்தில் நகரம் விவசாயிக்குப் பணம் கொடுப்பது புதிய யோசனையே அல்ல. எதற்காகக் கொடுக்கிறது என்பதில்தான் தப்பு. இறைத்த தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறது. இறைக்காமல் விட்ட தண்ணீருக்கு அல்லவா கொடுக்க வேண்டும்?

கடல் உள்ளே வந்த கதை

வண்ணாரப்பேட்டை என்ற பெயரே தண்ணீரால் வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் யாரும் துணி வெளுக்கப் போவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஏழு கிணறு 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக ஏற்பட்டது. அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1872-ல், புழல் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. நகரம் வளர வளர, தண்ணீருக்காக வெளியே நீட்டும் கையும் நீண்டுகொண்டே போனது.

1960-களின் கடைசியில் அந்தக் கை ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைக்குப் போனது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். மணலித் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூர்த் தண்ணீர் போயிற்று. விவசாயிகளின் மோட்டார்களும் அதே நிலத்தடி நீரைத்தான் இறைத்தன. நிலத்துக்குள் இருந்த நல்ல தண்ணீர் குறைந்ததும் அந்த இடத்தைக் கடல் பிடித்துக்கொண்டது. மீஞ்சூர் பக்கம் கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உப்புநீர் உள்ளே வந்துவிட்டது. ஒரு தடவை உப்பேறிய நிலத்தடி நீர் அடுத்த மழையிலேயே திருந்திவிடாது. பல வருடம் ஆகும்.

கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வருடா வருடம் மழையால் ஊறும் தண்ணீர் வருமானம். அடியில் காலங்காலமாகத் தேங்கியிருப்பது முதல். பஞ்சத்தில் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்குவது முதலை விற்று வந்த காசை லாபம் என்று எழுதுவதைப் போன்றது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. இறைத்த அளவுக்குப் பணம் என்றால் ஆழமான போர் வைத்திருப்பவருக்குத்தான் லாபம். அவர் இறைக்க இறைக்கப் பக்கத்து வயல்காரரின் கிணறு வற்றும். அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்களுக்கு வேலை போகும். தண்ணீர் விற்ற பணத்தில் இவர்கள் இருவருக்கும் காலணா கிடைக்காது. 2019-ல் திருவள்ளூர் கிராமங்களில் மக்கள் மறியல் செய்தது சும்மா இல்லை.

ஒரு ஏக்கர், ஒரு ரயில்

மாற்று வழி என்ன? பஞ்சம் வரப் போகிறது என்று தெரிந்ததும் விவசாயியிடம் போய், "இந்த ஒரு போகம் நெல் போட வேண்டாம், அல்லது பாதி நிலத்தில் மட்டும் போடுங்கள், விட்டுக்கொடுக்கும் வருமானத்துக்கு மேலேயே போட்டுத் தருகிறோம்" என்று கேட்பது. விருப்பம் உள்ளவர் சேரலாம். இல்லாதவர் வழக்கம்போலப் பயிர் வைக்கலாம். கட்டாயம் கிடையாது.

இதற்கு ஏகப்பட்ட செலவாகுமே என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். வயலில் பாய்ச்சுவதில் ஒரு பங்கு மறுபடி நிலத்துக்குள்ளேயே இறங்கிவிடும் என்பதால், பாதிதான் உண்மையில் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். 24 லட்சம் லிட்டர்.

2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தது. டி.வி.யில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மாலை எல்லாம் போட்டு வரவேற்றார்கள். அந்த ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். அதாவது, நெல் போடாமல் விட்ட ஒரு ஏக்கர் = ஒரு ரயில்!

ரயில் திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது 65 கோடி ரூபாய். தினம் 1 கோடி லிட்டர் வீதம் ஆறு மாதம் கொண்டுவருவதாகத் திட்டம். முழுதாக ஓடியிருந்தாலும் லிட்டருக்கு 36 பைசா. ஒரு ரயிலுக்கு 9 லட்சம் ரூபாய். ஒரு ஏக்கர் நெல்லை முழுக்க விற்றாலும், செலவைக் கழிக்காமலேயே, ஒரு லட்சம் தேறாது. விவசாயிக்குத் தாராளமாகக் கொடுத்தாலும் எது மலிவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரயில் தண்ணீர் ஊருக்குள்ளேயே வந்து இறங்கிவிடும், வயலில் மிச்சமான தண்ணீரை எடுத்து வர வேண்டும் என்பது உண்மைதான். அந்தச் செலவைச் சேர்த்தாலும் இடைவெளி பெரிது. மிச்சமானதில் ஓர் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நிலத்துக்குள்ளேயே விட்டுவைத்தால், கடலும் தள்ளி நிற்கும்.

மற்றவர்கள் செய்தது

பஞ்சாபில் 2018-ல் 'பானி பச்சாவோ, பைசா கமாவோ' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். தண்ணீரைச் சேமி, காசு சம்பாதி என்று அர்த்தம். பம்ப்செட்டுக்கு மீட்டர் வைத்து, இவ்வளவு யூனிட் என்று அளவு நிர்ணயித்தார்கள். அதற்குக் குறைவாக ஓட்டினால் மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கொடுத்தார்கள். கூடுதலாக ஓட்டினால் அபராதம் இல்லை. அரியானாவில் 2020-ல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

கலிஃபோர்னியாவில் 1991 வறட்சியின்போது அரசே விவசாயிகளிடம் தண்ணீர் வாங்கி நகரங்களுக்கு விற்றது. நிலத்தைத் தரிசாகப் போட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. வேலை போன கூலியாட்களுக்கும் வியாபாரம் படுத்த கடைக்காரர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற புகார் எழுந்தது. பின்னால் 2004-ல் பாலோ வெர்டே பாசனப் பகுதியும் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் குடிநீர் வாரியமும் 35 வருட ஒப்பந்தம் போட்டபோது, உள்ளூர் மக்களுக்கென்றே 60 லட்சம் டாலர் தனி நிதி ஒதுக்கினார்கள். பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இங்கே மறுபடியும் பட வேண்டியதில்லை.

சும்மா இருக்கச் சம்பளமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சும்மா இருப்பதற்குச் சம்பளம் இல்லை, விட்டுக்கொடுப்பதற்கு விலை. காமர்ஸ் மாணவர்கள் இதை வாய்ப்புச் செலவு என்று முதல் வருடத்திலேயே படிக்கிறார்கள்.

இன்னும் கனமான கேள்விகளும் உண்டு. எப்படியும் பயிர் வைக்க மாட்டாதவர் வந்து கை நீட்டினால்? கடந்த மூன்று வருட அடங்கலைப் பார்த்து, தொடர்ந்து பயிர் வைத்தவருக்கு மட்டும் கொடுக்கலாம். ஒருவர் நிறுத்த, பக்கத்துக்காரர் இரண்டு மடங்கு இறைத்தால்? தனித்தனிக் கிணறாகப் பேசாமல், ஒரே நீர்மட்டத்தை நம்பியிருக்கும் கிராமம் முழுவதற்குமாகப் பேச வேண்டும். குத்தகைக்காரர் நஷ்டப்பட, நிலச் சொந்தக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டால்? உழுபவர் பெயரில்தான் பணம் போக வேண்டும். கூலி வேலை செய்பவர்களுக்கு ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கைத் தனியாக எழுதியே தீர வேண்டும். அவர்களுக்கு வங்கிக் கணக்கும் இருக்கிறது, நூறு நாள் வேலைக்கு எழுதிய பட்டியலும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ரியல் எஸ்டேட். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு போகம் தரிசாகக் கிடந்த வயலில் அடுத்த வருடமே கல் நட்டு, கொடி கட்டி, 'வீட்டு மனை விற்பனைக்கு' என்று போர்டு வைத்துவிடுவார்கள். அதனால் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, அடுத்த மழைக்கு மறுபடி விதைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் முடிந்துவிடும். ஏரிகளில் எவ்வளவு இருக்கிறது, கோடை தாங்குமா என்பது ஜனவரியிலேயே தெரியும். சொர்ணவாரிப் பட்டத்துக்கு விதைப்பது ஏப்ரல், மே மாதங்களில்தான். நடுவில் மூன்று மாதம் இருக்கிறது. கிராம சபையைக் கூட்டி, விலை பேசி, கையெழுத்து வாங்க அது போதும். ஜூனில் குடங்கள் தெருவுக்கு வந்த பிறகு பேசினால் விவசாயி ஏற்கெனவே நட்டிருப்பார்.

பணம் யார் கொடுப்பது? தண்ணீரால் லாபம் அடைகிறவர்கள். வண்ணாரப்பேட்டையில் குடத்துக்குக் காத்திருப்பவரிடம் முதலில் கேட்கக் கூடாது. பெரிய அடுக்குமாடிகள், நட்சத்திர ஓட்டல்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு சிறு தொகையை நல்ல மழை வருடங்களிலேயே சேர்த்துவைத்தால், பஞ்ச வருடத்தில் அரசு கஜானாவைத் தேட வேண்டியதில்லை.

லாரியிலிருந்து குடத்தில் விழும் தண்ணீர் யாரோ ஒருவருடைய வயலுக்குப் பாய வேண்டியது. அதை அவரைக் கேட்டு, நியாயமான விலை கொடுத்து, அவருடைய கிணறும் பிழைக்கும்படி வாங்குவதா, அல்லது கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு மறுபடி ரயிலுக்கு மாலை வாங்கப் போவதா?

அடுத்த பஞ்சம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டால் நல்லது.