கடைமடையில் ஏறும் உப்பு

காவிரி ஜலம் கடலில் விழுந்து வீணாகிறது என்று மேடைதோறும் முழங்குவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. நாகப்பட்டினம், வேதாரணியம் முதலிய கடைமடைப் பிரதேசங்களின் நிலைமையை உணர்ந்தவர் எவரும் அங்ஙனம் கூறத் துணியார். நதி கடலை நாடிச் செல்லாத இடத்தில் கடல் நிலத்தை நாடி வரும் என்பது இயற்கையின் விதி.

உப்பு ஜலத்தால் விளையும் கேட்டை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள கிணற்று ஜலத்தை, ஒரு போகத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சமமாக ஓர் ஏக்கர் நெல் வயலில் பாய்ச்சினால், சுமார் 4 டன் உப்பு அந்நிலத்தில் இறங்குகிறது. ஜலம் ஆவியாய்ப் போய்விடும், உப்பு தங்கிவிடும். மழையோ புதுவெள்ளமோ கழுவினாலன்றி அது வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். உப்பு மிகுந்த மண்ணில் ஈரமிருந்தும் வேரினால் அதை உறிஞ்ச இயலாது. பயிர் நீரில் நின்றே தாகத்தால் கருகும். நாளடைவில் சோடியம் களிமண்ணின் கட்டைக் குலைத்து, நுண்டுளைகளை அடைத்து, நிலத்தைக் களராக்கிவிடும். உவரை நன்னீர் விட்டுக் கழுவி வடிக்கலாம். களருக்கோ ஜிப்சம் இட்டுச் சோடியத்தைப் பெயர்த்த பின்னரே கழுவ இயலும். எவ்வாறாயினும் நன்னீரின்றிப் பரிகாரமில்லை.

அந்த நன்னீரின் கதி யாது? காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தமிழகத்துக்கு வகுத்த 192 டி.எம்.சி.யை, சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் 177.25 ஆகக் குறைத்தது. டெல்டாவில் இருப்பதாகக் கொள்ளப்பட்ட 20 டி.எம்.சி. நிலத்தடி நீரில் 10-ஐக் கணக்கில் சேர்த்தது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. தீர்ப்புக்கு நாம் கட்டுப்பட்டவர்களே. ஆயினும், கடலோரத்து நிலத்தடி நீரை எடுத்துச் செலவிடும் சரக்காக மாத்திரம் கருதுவது எவ்வளவு ஆபத்தானது! கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரையில் உப்பு நீர் ஒதுங்கி நிற்கும் என்பது நீரியல் நிபுணர்களின் கணக்கு. பம்பு வைத்து மேலே ஓரடி இறக்கினால், கீழே உப்பு 40 அடி ஏற இடமுண்டாகிறது. கோட்டைச் சுவரின் கல்லைப் பெயர்த்து வீடு கட்டுவோமா?

உப்பு நீரை நாமே உள்ளே அழைத்த பாபமும் உண்டு. விளைநிலங்களை இறால் குட்டைகளாக மாற்றலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே கட்டளையிட்டது. அக்கட்டளை ஏட்டளவில் நின்றுவிடாமல் காப்பது அதிகாரிகளின் கடமையன்றோ?

சர்க்காரை நாம் வற்புறுத்துவது மூன்று: முறைப்பாசனத்தில் கடைமடைக்குரிய ஜலம் குறைவின்றிச் சேர வேண்டும், கடலோரக் கிணறுகளின் உப்பளவை ஆண்டுதோறும் சோதித்துக் கிராமந்தோறும் பகிரங்கப்படுத்த வேண்டும், கடல்நீர் ஏறாதபடி முகத்துவாரத்து மதகுகளையும், உப்பு வடிவதற்குரிய வடிகால்களையும் செப்பனிட வேண்டும். தக்கைப்பூண்டு உழுது மடக்குவதும், உவர் தாங்கும் நெல் ரகங்களைப் பயிரிடுவதும் குடியானவர் செய்யத்தக்கவை. ஆனால் அவை காலத்தைக் கடத்த உதவுமேயன்றி, நன்னீருக்கு ஈடாகா.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைமடையில் நின்று காவிரிக்காகக் குரல் எழுப்புவோர், கடைமடைக்கும் சென்று கிணற்று ஜலத்தை ஒரு வாய் பருகிப் பார்க்கட்டும். நமது வழக்கின் சாட்சி அங்கேதான் இருக்கிறது.