ஸ்டெத்தைக் கழட்டலாமா?

“எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு ஆபீஸ் ஃபைல் பார்க்கப் போறியா?” நிர்வாகத்துக்குப் போக ஆசைப்படுற டாக்டரை வீட்டில் கேட்கிற முதல் கேள்வி இதுதான்!

ஆனா, வார்டில் நின்னவங்களுக்குத் தெரியும். பெட் காலியா இருந்தும் நர்ஸ் இல்லைன்னா ஆபரேஷன் தள்ளிப்போகும். நோயாளிக்கு அதுவும் வலிதான். அதைச் சரிபண்ண ஸ்டெத் மட்டும் போதாது.

லண்டனில் 2009-ல் ஆரம்பிச்ச ‘டார்ஸி ஃபெலோஷிப்’ இதுக்காகத்தான். அறுவை சிகிச்சை நிபுணர் ஆரா டார்ஸி பெயரில் வந்த திட்டம். இளம் டாக்டர் ஒரு வருஷம் வழக்கமான டியூட்டியை ஒதுக்கி வெச்சுட்டு, சீனியர் ஒருத்தரோட வழிகாட்டுதலில் மருத்துவச் சேவையில் ஒரு மாற்றத்தைச் செஞ்சு காட்ட வேண்டியிருந்துச்சு. கூடவே தலைமைப் பண்புக்கான பயிற்சியும் இருந்துச்சு. முடிஞ்சதும் பழைய வேலைக்கே திரும்ப முடிஞ்சுது.

நம்ம நாட்டில்? டெல்லி எய்ம்ஸில் எம்.டி. ஹாஸ்பிட்டல் அட்மினிஸ்ட்ரேஷன் இருக்கு. எம்.பி.பி.எஸ். படிச்சவங்களுக்கு மூணு வருஷப் படிப்பு. நுழைவுத் தேர்வு, ஐ.என்.ஐ.-சி.இ.டி. ஆனா, ஹவுஸ் சர்ஜன் காலத்தை மட்டும் அவசரமா ஓட்டிடாதீங்க. எங்கே சிக்கல்னு கத்துக்கொடுக்கிறதே அந்த வார்டுதான்!

கடைசியா ஒண்ணு... “தேங்க்ஸ் டாக்டர்”னு கையைப் பிடிச்சுச் சொல்ல அங்கே நோயாளி வர மாட்டார். அது இல்லாம இருக்க முடியும்னா, தைரியமா அப்ளிகேஷன் போடுங்க பாஸ்!