சிறிய முகமூடி எங்கே?

குழந்தை என்பது உருவம் குறுகிய பெரியவர் அன்று. மருத்துவம் நன்கறிந்த இவ்வுண்மையை, ஆம்புலன்ஸ் வாங்குவோரும் வழங்குவோரும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

கைக்குழந்தையின் தலை, உடலை நோக்கப் பெரிது. சமதளப் பலகையில் மல்லாத்தினால் பிடரி உயர்ந்து, கழுத்து மடிந்து, மூச்சு அடைபடக்கூடும். தோளடியில் மடித்த துணி வைத்தாலே அது சீராகும். பெரியவருக்கான முகமூடி அச்சிறு முகத்தில் பொருந்தாது. காற்று விளிம்பில் கசிந்துவிடும். இதயம் நின்ற பெரியவருக்கு அட்ரினலின் 1 மில்லிகிராம் என்றால், 10 கிலோ குழந்தைக்கு 0.1 மில்லிகிராம். புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து ஏறிவிடும்!

"அழைப்போரில் குழந்தைகள் சிலரே; அச்சிலருக்காகத் தனிச் செலவா?" என வினவுவோர் உண்டு. சிலர் என்பது மெய்தான். அம்மெய்யே அவர்தம் வாதத்தை வீழ்த்துகிறது. அரிதாகச் செய்யும் பணியில் கை தடுமாறும், கணக்குத் தவறும். ஆகவேதான் கருவியும் பயிற்சியும் கூடுதலாக வேண்டும்.

செலவுதான் எவ்வளவு? 1980-களில் ஜேம்ஸ் புரோஸ்லோ என்னும் அமெரிக்க மருத்துவர் வண்ண நாடா ஒன்றை வகுத்தார். குழந்தையைத் தலைமுதல் குதிகால்வரை அளந்தால், எடையும் மருந்தளவும் குழாயளவும் நிறத்தால் தெரியும். நம் குழந்தைகளின் எடையை அது மிகையாகக் காட்டக்கூடும் என 2008-இல் ஓர் ஆய்வு கண்டது. எனவே நமக்கேற்பத் திருத்திய அளவு தேவை. நாடாவே வேண்டாம் என்பதற்கு அது சான்றாகாது.

குழந்தைகளின் இதயம் பெரும்பாலும் மூச்சுத் தடையாலேயே நிற்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 830 குழந்தைகளிடம் நிகழ்த்தி, 2000-இல் வெளியான ஆய்வு கூறுவதென்ன? மூச்சுக்குழலுள் குழாய் செருகியதால், பையும் முகமூடியும் கொண்டு மூச்சளித்ததைவிட மிகுதியானோர் பிழைத்துவிடவில்லை. அரிய கருவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பொருந்தும் முகமூடியும், அதைப் பிடிக்கப் பழகிய கையுமே முதல் தேவை.

சங்கங்களும் நிறுவனங்களும் ஆம்புலன்ஸ் வழங்குகின்றன. கொடையாளர் பெயர் கதவில் முழ நீளத்தில் ஒளிர்கிறது. கொடை போற்றத்தக்கதே. ஆயினும் அன்பர்களே, ரிப்பன் வெட்டுமுன் அக்கதவைத் திறந்து பாருங்கள். சிறிய முகமூடிகள் உள்ளனவா? குழந்தைக்குரிய மூச்சுப்பை உண்டா? உடற்சூடு காக்கும் போர்வை? தாய் மடியில் ஏந்திச் செல்லாமல், குழந்தையைப் பாதுகாப்பாகப் பிணைக்கும் பட்டை? பணியாளர் இவற்றைக் கையாளப் பயின்றனரா?

இல்லையெனில், பெயர் எழுதும் செலவில் ஒரு பகுதியை முகமூடிக்குத் தாருங்கள். பெயர் சற்றுச் சிறிதானால் எவர்க்கும் மூச்சு முட்டாது.